ஆயரம்மா என்றால் யார்? பெருமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னிந்தியத் திருச்சபையில் நம் திருமண்டலத்துப் பேராயர் தேர்தலில் ஓட்டுப் போட இருக்கும் பெருமன்ற உறுப்பினர்களுக்கு,

ஸ்தோத்திரம். நான் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பல வருடம் கணக்கு எழுதியவள். உங்களில் பாதிப் பேருக்காவது ஆலயத்துப் பொது விருந்தான அசனப் பந்தியில் குழம்பு ஊற்றியிருப்பேன். பேராயர் பதவிக்கு நீங்கள் அனுப்பும் பெயர்ப் பட்டியலான பேனலில் யார் யார் பெயர் ஓடுகிறது என்பது எங்களுக்கும் காதில் விழுகிறது. இந்த அணியிலும் ஆண்கள், அந்த அணியிலும் ஆண்கள். நடுவில் யாரோ ஒரு பெண் குருவானவரின் பெயரை எடுத்தபோது, "நல்லவங்கதான், ஆனா தகுதின்னு ஒண்ணு இருக்குல்ல" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் சொல்லி முடித்துவிட்டாராம். அந்த ஒரு வார்த்தைக்குப் பதிலாகத்தான் இந்த மடல்.

இங்கிலாந்துத் திருச்சபை வழியில் வந்த ஆங்கிலிக்கன் உலகத்தின் முதல் பெண் பேராயரைப் பற்றி உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பீர்களோ. பெயர் பார்பரா ஹாரிஸ். 1930-ல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் பிறந்த கறுப்பினப் பெண். ஒரு எண்ணெய்க் கம்பெனியில் மக்கள் தொடர்பு வேலை பார்த்தவர். செமினரியில் முழுநேரமாக உட்கார்ந்து பட்டம் வாங்கியவர் இல்லை. விவாகரத்தானவர். இதில் ஒன்று இருந்தாலே நம் ஊரில் சேகரம் என்கிற வட்டாரச் சபையின் கமிட்டிக்குக்கூட நிற்க விடமாட்டார்கள்!

1965-ல் கறுப்பின மக்களின் ஓட்டுரிமைக்காக செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு நடந்த ஊர்வலத்தில் அவரும் நடந்தார். ஆனால் எனக்குப் பிடித்த காட்சி 1974 ஜூலை 29-ல் நடந்தது. அவருடைய பிலடெல்ஃபியா ஆலயத்தில் பதினோரு பெண்களுக்கு அன்று குருப்பட்டம் கொடுத்தார்கள். சபைச் சட்டம் அதற்கு இன்னும் இடம் கொடுக்கவில்லை. பணியிலிருந்து விலகிய மூன்று பேராயர்கள் துணிந்து கை வைத்து அபிஷேகம் செய்தார்கள். அந்தப் பவனியில் சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவர் ஹாரிஸ். அன்று அவர் குருவானவரும் இல்லை, உதவி குருவும் இல்லை. நம்மைப் போல ஒரு சபை அங்கத்தினர், அவ்வளவுதான். இரண்டு வருடம் கழித்து, 1976-ல், அங்கே சட்டமே மாறியது.

அதற்கப்புறம்தான் அவர் குருத்துவத்துக்குத் தன்னைத் தயார் செய்துகொண்டார். குருப்பட்டம் பெற்றது 1980-ல், ஐம்பது வயதில். சிறையில் இருப்பவர்களுக்கு ஊழியம் செய்தார், சபைப் பத்திரிகைப் பணியையும் பார்த்தார். 1988 செப்டம்பரில் மாசசூசெட்ஸ் திருமண்டலம் அவரைத் துணைப் பேராயராகத் தேர்ந்தெடுத்தது. உடனே கிளம்பியது எதிர்ப்பு. படிப்பு போதாது, விவாகரத்தானவர், அரசியல் அதிகம் பேசுகிறார் என்றார்கள். இந்தப் பட்டியலை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா? பெண் என்று நேராகச் சொல்லக் கூச்சமாக இருக்கும்போது "தகுதி" என்று சொல்வது எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

1989 பிப்ரவரி 11, பாஸ்டன். எட்டாயிரம் பேர் கூடியதால் ஆலயம் போதாமல் ஒரு பெரிய மாநாட்டு அரங்கத்தில் ஆராதனை. கொலை மிரட்டல்கள் வந்திருந்தன. குண்டு துளைக்காத அங்கி தருகிறோம், உள்ளே போட்டுக்கொள்ளுங்கள் என்று போலீஸ் சொன்னது. வேண்டாம் என்றுவிட்டார். ஆராதனையின் நடுவே சிலர் எழுந்து ஆட்சேபம் தெரிவித்தார்கள். தலைமைப் பேராயர் அதைக் கேட்டுக்கொண்டு அபிஷேகத்தைத் தொடர்ந்தார். அன்று திருவிருந்துப் பீடத்தில் அவரோடு நின்றவர்களில் வயதான ஒரு சீனப் பெண்மணியும் உண்டு: லீ டிம் ஓய். யுத்த காலத்தில் ஹாங்காங் பக்கத்திலுள்ள மக்காவ் நகரத்துக்குக் குருமார் யாரும் போக முடியாத நிலையில், 1944-ல் ஹாங்காங் பேராயர் ரொனால்ட் ஹால் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் பெண் குரு அவர்தான். யுத்தம் முடிந்ததும் சர்ச்சை வெடித்தது. பேராயருக்குச் சங்கடம் வேண்டாம் என்று தன் உரிமத்தைத் தானே திருப்பிக் கொடுத்துவிட்டார். கஷ்ட காலத்தில் பெண் போதும், நல்ல காலம் வந்தால் பெண் ஆகாது! அதையெல்லாம் பார்த்தவர் நாற்பத்தைந்து வருடம் கழித்து அந்தப் பீடத்தில் நின்றபோது மனதில் என்ன ஓடியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

ஹாரிஸ் 2002 வரை துணைப் பேராயராக இருந்து ஓய்வு பெற்றார். 2020-ல் காலமானார். அவர் இடத்துக்கு வந்ததும் ஒரு கறுப்பினப் பெண்தான்.

சரி, அது அமெரிக்கா, நம் கதை வேறு என்பீர்கள். நம் கதைக்கே வருகிறேன். 2013 செப்டம்பரில் ஆந்திராவில் உள்ள நந்தியாலின் பேராயராக புஷ்ப லலிதா அபிஷேகம் பெற்றார். தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயர். நாம் தாய்ச்சபை என்று சொல்லிக்கொள்ளும் இங்கிலாந்துத் திருச்சபையில் லிபி லேன் முதல் பெண் பேராயரானது 2015 ஜனவரியில். அவர்களை நாம் முந்திவிட்டோம், அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளத்தான் ஆளைக் காணோம். இதில் இன்னொரு வேடிக்கை. 1947-ல் எல்லோரும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனபோது, எங்கள் ஆங்கிலிக்கன் முறை கெட்டுவிடும் என்று சேராமல் விலகி நின்ற பகுதி நந்தியால். 1970களில்தான் வந்து சேர்ந்தது. பழமை விட மறுத்த அந்த ஊரில் நடந்தது இங்கே நடக்காதா?

இங்கிலாந்திலும் இப்போது நிலைமை வேறு. நர்ஸாக வேலை பார்த்த சாரா முல்லாலியைத்தான் 2025 அக்டோபரில் அந்தத் திருச்சபையின் தலைமைப் பேராயரான கேன்டர்பரி பேராயராக அறிவித்தார்கள்.

எங்கள் ஊரில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் சேகரத்துக்கு முதல்முறையாக ஒரு பெண் குருவானவர் மாற்றலாகி வந்தார். சாமான் இறக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு தாத்தா வந்து, "ஆயரம்மா, ஐயர் எப்ப வருவாங்க?" என்று கேட்டார். எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். "நான்தான் தாத்தா ஐயர்" என்றார் அவர். தாத்தாவுக்குப் புரியவில்லை. லாரியிலிருந்து பீரோவை இறக்கிக்கொண்டிருந்த அவருடைய வீட்டுக்காரரிடம் போய், "ஐயா, ஒரு ஜெபம் பண்ணுங்க" என்று தலையைக் குனிந்து நின்றார். அந்த மனுஷன் பீரோவைப் பிடித்தபடியே மனைவியைப் பார்த்தார். அம்மா வந்துதான் தலையில் கை வைத்து ஜெபித்தார்.

பிரச்சினை வார்த்தையிலேயே இருக்கிறது. ஆயரம்மா என்றால் ஆயரின், அதாவது குருவானவரின், மனைவி என்றுதான் நம் நாக்கு பழகியிருக்கிறது. முதல் மூன்று மாதம் திருவிருந்து நாளில் ஒரு கூத்து நடந்தது. அம்மா அப்பம் கொடுக்கும் பக்கம் வரிசை குட்டையாகவும், உதவிக்கு வந்த ஆண் குருவானவர் பக்கம் நீளமாகவும் இருக்கும். என் சொந்த நாத்தனாரே வரிசை மாறி நின்றாள். யாரும் அவளிடம் வாக்குவாதம் பண்ணவில்லை. அவள் மாமியார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரி பதினொன்றரைக்கு ஸ்கூட்டியில் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அந்த அம்மாதான். அதற்கு அடுத்த திருவிருந்தில் நாத்தனார் எந்த வரிசையில் நின்றாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் சபையில் 1970களிலிருந்தே பெண்களுக்குக் குருப்பட்டம் உண்டு. மூத்தவர்களாக, சேகரங்களை நடத்திக் காட்டியவர்களாக நம்மிடம் இருக்கிறார்கள். உங்களுக்கே பெயர் தெரியும்.

பெண் வந்தால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பெண்களிலும் எல்லா மாதிரியும் உண்டு, சங்கத்துக் கணக்கு எழுதியவளுக்கு அது தெரியாதா? சாதி பார்ப்பது, லாட்ஜில் ரூம் போட்டு ஆள் சேர்ப்பது என்று இந்தத் தேர்தலைப் பற்றி ஊரே பேசுகிறது. அதைத் திருத்துவது ஒரு ஆளால் ஆகிற காரியமும் இல்லை. நான் கேட்பது சின்ன விஷயம். உங்கள் அணிக் கூட்டத்தில் பேனலுக்குப் பெயர் எழுதும்போது ஒரு பெண் குருவானவரின் பெயரையும் எழுதுங்கள். யாராவது தகுதி என்றால், எந்தத் தகுதி என்று எல்லோர் முன்னாலும் சொல்லச் சொல்லுங்கள். அதே அளவுகோலை மற்ற பெயர்களுக்கும் வையுங்கள். பேனலுக்குப் பெயர் கொடுப்பது நீங்கள், அதிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பது திருச்சபையின் மேல்மட்ட மன்றமான சினாட். பெயரே போகாவிட்டால் அவர்கள் யாரைத் தேர்ந்தெடுப்பார்கள்?

இப்படிக்கு,
அசனப் பந்தியில் உங்களுக்குக் குழம்பு ஊற்றிய ஒருத்தி