செயலாளரின் ஆண்டறிக்கை: வாசிகசாலையும் கனிப்பொருள் பெட்டியும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிருவாக சபையினரே, வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களே,

தைப்பொங்கல் விழா, சரஸ்வதி பூசை, வெள்ளத்துக்குப் பின்னரான சிரமதானம் ஆகியன வழமைபோல் நடைபெற்றன. பத்திரிகைகள் தடையின்றி வந்தன. கூரை ஒழுக்கு இன்னும் திருத்தப்படவில்லை.

கல், மண் மாதிரிகளையும் அவற்றைச் சோதிக்கும் கருவிகளையும் கொண்டு இவ்வாண்டு தொடங்கிய கனிப்பொருள் பெட்டியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. "வாசிகசாலைக்குக் கல்லும் மண்ணும் எதற்கு?" என்று சென்ற பொதுக்கூட்டத்தில் கேட்டார்கள். மாரி வெள்ளம் வடிந்ததும் முந்தனையாற்றுச் சேற்றில் பொன்னிறத் துகள்கள் மின்னுவதை நாம் எல்லோரும் அறிவோம். அது தங்கமா எனப் பரிசோதித்துத் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் எமது அங்கத்தவர் ஒருவர் பணத்தைப் பறிகொடுத்தார். அறிவூட்டுவதற்கென்றே தோன்றிய ஓர் இடம் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா?

கிழக்கிலங்கையின் அடிநிலம் விஜயன் தொகுதி எனப்படும் மிகப் பழைய நைஸ் (வரிவரியான உருமாறிய) பாறைகளால் ஆனது. அவற்றில் பயோடைட் என்னும் கறுப்பு மைக்கா நிறைய உண்டு. வெயிலிலும் மழையிலும் சிதையச் சிதைய அதன் கருமை மங்கிப் பொன்னிறம் ஏறுகிறது. காக்காய்ப்பொன் என்று எம் முன்னோர் சொன்னது இந்த மைக்காவைத்தான். தங்கம் தண்ணீரைப்போல் 19 மடங்கு கனமானது. மைக்கா ஏறத்தாழ 3 மடங்குதான். ஆகவே தங்கம் பரல்களுக்கு அடியில் புதைந்துவிடும். தட்டையான மைக்காவோ நீரோட்டம் தளரும் இடத்தில் சேற்றின் மேலேயே படியும்.

ஒரு மாணவன் சாப்பாட்டுப் பெட்டியில் கொண்டுவந்த சேற்றை வெள்ளைப் பீங்கானில் ஊற்றிச் சுழற்றினோம். மின்னியவையெல்லாம் தண்ணீரோடு எழுந்து சுற்றின. கறுப்பு மணல் மட்டும் அடியில் ஒதுங்கியது. பொலித்தீனில் சுற்றிய காந்தத்தைக் காட்டியதும் அதில் ஒரு பகுதி தாவி ஒட்டியது. அது மக்னடைட் என்னும் இரும்புத்தாது. ஒட்டாமல் நின்ற கறுப்பில், திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டையில் அகழப்படும் இல்மனைட் என்னும் தைத்தானியத் தாது இருக்கக்கூடும். பின்னர் மின்னிய துகளொன்றை ஊசிமுனையால் நெருடினோம். ஏடு ஏடாகக் கழன்றது. தங்கமாயிருந்தால் ஊசி பதிந்து குழி விழுந்திருக்கும்.

பாறை வெடிப்பில் பித்தளை நிறத்தில் கனசதுரமாக மின்னினால் அது பெரும்பாலும் பைரைட். இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. அதை ஊசியால் கீறுவது கடினம். சுத்தியலால் தட்டினால் நொறுங்கும். பூச்சில்லாத வெள்ளை ஓட்டில் உரைத்தால் பசுமை கலந்த கறுப்புக் கோடு விழும். தங்கம் தட்டத் தட்டத் தகடாகும், உரைத்த கோடும் மஞ்சளாகவே இருக்கும். ஊசி, ஓடு, காந்தம், கைவில்லை (உருப்பெருக்குக் கண்ணாடி), பெயரிட்ட மாதிரிகள் யாவும் இப்போது பெட்டியில் உள்ளன.

அலவாங்கு கொண்டு பாறையை உடைத்துப் பார்ப்போம் என்று சிலர் வற்புறுத்தினார்கள். நான் இணங்கவில்லை. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி கனிப்பொருள்கள் அரசுக்கு உரியவை; அனுமதிப்பத்திரமின்றி அகழ்வது குற்றம். கீழே கிடப்பதைப் பார்த்துப் படிப்பதே எமது வேலை. இதில் நான் இப்போதும் உறுதியாக இருக்கிறேன்.

வெளிக்கள நாளுக்கு வருவதாகக் கையொப்பமிட்ட அங்கத்தவர்களில் மிகச் சிலரே வந்தார்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் வெயிலில் நின்று சேறு அலசினார்கள். பெரியவர்களைத் தேடிய அவர்களுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. வாக்குக் கொடுத்தவர்கள் வந்திருக்க வேண்டும்.

சந்தாவும் அவ்வாறே. பெரும்பாலானோர் நிலுவை வைத்துள்ளனர்; இரண்டு ஆண்டுகளாகச் செலுத்தாதோரும் உண்டு. வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். செலவு போகச் சிறு தொகை கையிருப்பில் உள்ளது. பெட்டிக்கான செலவில் பெரும்பகுதியை நன்கொடையே ஈடுசெய்தது என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும்.

தலைவருக்கும், பீங்கானும் தேநீரும் தந்துதவிய மாதர் சங்கத்தினருக்கும், மாணவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் யாராயினும் இப்பணி நின்றுவிடக் கூடாது. கைவில்லை ஒன்றே இருப்பதால் பிள்ளைகள் வரிசையில் காத்திருக்கிறார்கள். மாதிரிகளை வைக்கக் கண்ணாடி அலுமாரி ஒன்று தேவை. வெளிநாடுகளில் வாழும் எம்மூர் உறவுகள் இதை மனத்திற்கொள்வார்கள் என நம்புகிறேன். நிலுவைச் சந்தாவுக்கான பற்றுச்சீட்டுப் புத்தகம் இன்று பொருளாளரின் மேசையில் திறந்திருக்கிறது.