ஒசூரில் இருக்கும் மகளுக்கு, பழைய கார் விஷயமாக

திருவொற்றியூர்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய சான்ட்ரோ காரின் படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. போனில் பேச ஆரம்பித்தால் ஏதாவது வேலை வந்துவிட்டது என்று நீ சீக்கிரம் வைத்துவிடுகிறாய் என்பதால், சொல்ல வேண்டியதை எழுதியே அனுப்புகிறேன். அவசரப்படாமல் முழுவதும் படி. 1,30,000 ரூபாய் உனக்குச் சும்மா வந்த பணம் அல்ல, ஓவர்டைம் பார்த்துச் சேர்த்தது என்று எனக்குத் தெரியும்.

காலடிப்பேட்டையில் அப்பா ஷெட் நடத்திய காலம் முழுவதும் பில் நோட்டு எழுதியவள் நான். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. ஆனால் மலிவாகக் கிடைத்தது என்று பழைய வண்டியை வாங்கியவர்கள், அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் எதற்கெல்லாம் பணத்தைக் கொட்டினார்கள் என்பது என் கையெழுத்தில்தான் இருக்கிறது. அந்த ஷெட்டில் டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பெண், யாரையும் கேட்காமல் தன் சம்பாத்தியத்தில் ஒரு கார் வாங்கப் போகிறாள் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் முதலில் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் எதுவும் சொல்லவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படங்களைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் முதலில் காட்டியது பிரேக் பெடலை. மீட்டரில் 48,000 கிலோமீட்டர் என்று இருக்கிறது. பெடலின் ரப்பரில் வரிகளே இல்லை. வலது ஓரத்தில் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிகிறது. 48,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அப்படித் தேயாது, மீட்டரைக் குறைத்திருக்கிறார்கள் என்கிறார். அடுத்து, முன்பக்க இடது கதவைச் சுற்றியிருக்கும் கறுப்பு ரப்பர் பீடிங்கில் மெல்லியதாக வெள்ளிப் பொடி படிந்திருக்கிறதே, அது கம்பெனி பெயிண்ட் அல்ல, டிங்கரிங் பார்த்துப் பிறகு அடித்த பெயிண்ட். ஒரு கதவுக்கு மட்டும் பெயிண்ட் அடித்திருந்தால் அது பெரிய குற்றம் இல்லை. ஆனால் கதவோடு நின்றதா, உள்ளே கதவு மாட்டியிருக்கும் தூண் வரைக்கும் அடிபட்டதா என்று பார்க்க வேண்டும். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்துப் போ. தகரம் உள்ள இடமெல்லாம் அது ஒட்டும். பள்ளத்தை நிரப்பப் பட்டி கனமாகப் பூசிய இடத்தில் ஒட்டாமல் விழுந்துவிடும். வண்டியைப் பகலில், ஈரமில்லாத நேரத்தில் பார். வாட்டர் சர்வீஸ் செய்து தண்ணீர் சொட்டச் சொட்ட நிறுத்தியிருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடு.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஆர்.சி. புத்தகம். கே.ஏ. 51 எண், 2011-இல் பதிவான வண்டி. இதே மாடல் தமிழ்நாட்டு எண்ணில் கூடுதல் விலை சொல்லும்போது இது ஏன் குறைவாகக் கிடைக்கிறது என்று நீ யோசித்திருக்க வேண்டும். சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன் பிறகு வண்டியைக் காட்டித் தகுதி பார்த்து, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு முடிந்ததும் செய்யும் முதல் புதுப்பிப்புக்குக் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய். பசுமை வரி தனி. அதோடு கர்நாடக வண்டியை நீ தமிழ்நாட்டில் வைத்து ஓட்டுவதானால், அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, மறுபதிவு செய்து, நம் மாநில எண் வாங்க வேண்டும். வேறு மாநில வண்டியைப் பழைய எண்ணிலேயே 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை. எல்லையில் இருக்கும் ஊர், யார் கேட்கப் போகிறார்கள் என்று புரோக்கர் சொல்வார். அவர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். டெல்லி எண் வண்டிகளும் இப்படித்தான் தெற்கே மலிவாக வருகின்றன. அங்கே 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கும் தடை வந்த பிறகு இது அதிகமாயிற்று. ஆகவே விலை பேசுவதற்கு முன், தடையில்லாச் சான்றை விற்பவர் வாங்கித் தருவாரா, அந்தச் செலவு யாருடையது என்பதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்.

ஆர்.சி.யில் கடன் குறிப்பு இருக்கிறதா என்றும் பார். ஃபைனான்ஸ் முடிந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட 35-ஆம் எண் படிவமும் அவர்களுடைய சான்றும் கையில் வர வேண்டும். சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியிலேயே படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடு. வாகன எண்ணைப் போட்டால் எம்பரிவாகன் செயலியிலேயே எத்தனையாவது உரிமையாளர், காப்பீடு எதுவரை என்பதெல்லாம் வரும். கட்டாமல் கிடக்கும் அபராதங்களையும் இணையத்தில் பார்த்துவிடலாம். விற்பவரின் பெயரும் ஆர்.சி.யில் இருக்கும் பெயரும் ஒன்றாக இல்லை என்றால், அவர் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் எழுந்து வந்துவிடு. 29, 30 எண் படிவங்களில் உரிமையாளர் உன் கண் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும்.

பெயர் மாற்றத்தை உடனே செய். உன் பெயருக்கே செய். குடும்பத்தில் யார் பெயரில் இருந்தால் என்ன என்று நீ சொல்வாய், உன் சுபாவம் அது. பணம் கொடுத்தவர் ஒருவர், ஆர்.சி.யில் பெயர் இன்னொருவர் என்றால், விபத்தானாலும் விற்க நேர்ந்தாலும் பணம் கொடுத்தவருக்குப் பேச்சே இல்லை என்பதை நம் ஷெட்டில் பலமுறை பார்த்திருக்கிறோம். காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் உன் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடு.

இனி வண்டிக்கு வருகிறேன். தண்ணீரில் மூழ்கிய வண்டியா என்று பார்ப்பதை மறக்காதே. 2022 செப்டம்பரில் பெங்களூரில் ஏரிகள் நிரம்பிக் கார்கள் மிதந்ததை நீயும் பார்த்தாய். மிக்ஜாம் புயலுக்குப் பிறகு நம் பக்கத்திலிருந்தும் எத்தனை வண்டிகள் கைமாறிப் போயின. அப்போது பின் தெருவிலிருந்து கயிறு கட்டி இழுத்து வந்த ஒரு காரை நன்றாகத் துடைத்து, சீட் உறை மாற்றி, வாசனைத் திரவம் அடித்துப் புதிது போல ஆக்கிவிட்டார்கள். அப்பா டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரை இழுத்தார். சுருளுக்குள் இருந்த பகுதி முழுவதும் சேற்று நிறமாக இருந்தது. வெள்ளத்தில் கலந்து வந்த எண்ணூர் எண்ணெயின் கறுப்பு விளிம்பு கோடு போட்டது போல நாடாவின் குறுக்கே ஓடியது. நீயும் அப்படி முழுவதும் இழுத்துப் பார். கால் மிதிக்கும் கார்ப்பெட்டைத் தூக்கித் தரையைத் தொட்டுப் பார். ஸ்டெப்னியை எடுத்து அந்தக் குழியில் வண்டல் இருக்கிறதா என்று பார். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்றும் பார். ஃபியூஸ் பெட்டியில் பச்சை பூத்திருந்தால் அந்த வண்டி வேண்டாம். வயரிங் கெட்ட வண்டிக்கு எலக்ட்ரீஷியன் வந்துகொண்டே இருப்பார், பில் முடியவே முடியாது.

துருவைப் பற்றி நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடற்காற்றில் நின்ற வண்டி அடியிலிருந்துதான் போகும். ரன்னிங் போர்டின் அடிப்பக்கம், ஜாக்கி வைக்கும் இடம், முன் ஷாக் அப்சார்பரின் மேல் முனை பொருந்தும் இடம், இந்த மூன்றையும் விரலால் அழுத்திப் பார். பம்பரும் கண்ணாடியும் கதவும் புதுப்பேட்டையில் கிடைக்கும், மற்ற உதிரிபாகங்கள் ஜி.பி. ரோட்டில் கிடைக்கும். அரித்துப்போன தரை எங்கும் கிடைக்காது.

இன்ஜினைக் காலையில், இரவு முழுவதும் நின்ற பிறகு முதல் ஸ்டார்ட்டில் பார்க்க வேண்டும். போனதும் பானட்டின் மேல் கை வை. சூடாக இருந்தால் நீ வருவதற்குள் ஓட்டிப் பழக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். ஒசூர்க் குளிரில் முதலில் சிறிது வெண்புகை வருவது இயல்புதான். நிற்காமல் வந்தாலும், ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்தது போலப் பசை ஒட்டியிருந்தாலும் இன்ஜினின் மேல்பகுதியை அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சான்ட்ரோவில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்ட். அது அறுந்தால் வால்வு வளைந்து பெரிய செலவு வைக்கும். எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் கேள். பில் இல்லை என்றால் வாங்கியவுடன் மாற்ற வேண்டும், அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசு. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் அதிகம் என்பதால் பழைய ரப்பர் குழாய்களில் வெடிப்பு, கசிவு, வாடை இருக்கிறதா என்றும் பார்.

ஓட்டும்போது ரேடியோவைப் போடாதே. ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெல்ல ஓட்டினால் டக் டக் என்று சத்தம் வரக் கூடாது. சமதரையில் ஹாண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெதுவாக விட்டால் இன்ஜின் உடனே அணைய வேண்டும். அணையாமல் இழுத்தால் கிளட்ச் பிளேட் முடிந்துவிட்டது. டயரில் கடைசி நான்கு எண்கள் 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. வரி ஆழமாக இருக்கிறது என்று பழைய டயரை நம்பாதே, இரவு ஷிஃப்ட் முடிந்து தனியாக ஓட்டி வருபவள் நீ. தனியாகத்தானே வருகிறாய்? முன்பெல்லாம் மாப்பிள்ளை வந்து அழைத்துப் போவார் என்று சொல்வாய். பொங்கலுக்கும் நீ மட்டும்தான் வந்தாய். கேட்க வேண்டாம் என்று அப்பா சொன்னார், நானும் கேட்கவில்லை.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதே. 30,000 ரூபாயாவது தனியாக இருக்கட்டும், பேட்டரிக்கும் பெல்ட்டுக்கும் ஆயிலுக்கும் உடனே வேண்டியிருக்கும். வண்டிக்கு வேண்டியிராவிட்டாலும் உன் பெயரில் உன்னிடம் இருக்கட்டும். இப்போது ஆர்.சி.யை விரைவு அஞ்சலில் வீட்டு முகவரிக்கே அனுப்புகிறார்கள். எந்த முகவரியைக் கொடுப்பாய் என்று யோசித்துக்கொள். உன் ஆதாரில் இன்னும் நம் வீட்டு முகவரிதான் இருக்கிறது. இங்கேயே பதிவு செய்ய வேண்டும் என்றால் அப்பா அலைந்து முடித்துத் தருவார். அவருக்கு அதில் சந்தோஷமே தவிரச் சிரமம் இல்லை.

இந்த சான்ட்ரோ வேண்டாம் என்றே எனக்குத் தோன்றுகிறது, அந்தப் பெடலைப் பார்த்ததிலிருந்து. ஆனால் நேரில் பார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது என்கிறார் அப்பா. இரண்டு நாளில் முன்பணம் கொடுக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொன்னால் போகட்டும். ஆர்.சி.யின் இரண்டு பக்கங்களையும் காப்பீட்டுத் தாளையும் படம் எடுத்து இன்றே அனுப்பு. சனிக்கிழமை இரவுப் பேருந்தில் அப்பாவும் மேஸ்திரி மாமாவும் கிளம்பினால் விடியற்காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு அங்கே இருப்பார்கள். நானும் கூட வருகிறேன். நாங்கள் வீட்டில் வந்து தங்குவது மாப்பிள்ளைக்குச் சங்கடமாக இருக்கும் என்றால் தயங்காமல் சொல், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
அம்மா