கனெக்டிகட் பல்கலைக்கழக ஆடவர் கூடைப்பந்து அணி: 2023–24 பருவ ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் ரசிகர் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் அணி 40 ஆட்டங்களில் 37ஐ வென்று அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளுக்கான தேசியப் பட்டத்தைத் தக்கவைத்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் பட்டம் வென்ற ஆடவர் அணி, புளோரிடாவுக்கு (2006, 2007) அடுத்து நம்முடையதுதான். 1999 முதல் இது ஆறாவது பட்டம்.

முந்தைய பட்டம் வென்ற அணியின் சனோகோ, ஹாக்கின்ஸ், ஜாக்சன் மூவரும் போன பிறகே பருவம் தொடங்கியது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கேம் ஸ்பென்சரும் முதலாண்டு மாணவர் ஸ்டெபான் காசிலும் அந்தக் குறை தெரியாமல் ஆடினார்கள்.

தோற்ற மூன்றும் வெளியூர் ஆட்டங்கள்: கேன்சஸிடம் 65–69, சீட்டன் ஹாலிடம் 60–75, கிரைட்டனிடம் 66–85. சீட்டன் ஹால் ஆட்டத்தில் நம் சென்டர் (வளையத்தடியில் ஆடும் உயரமான வீரர்) டோனவன் கிளிங்கனுக்குக் காலில் அடிபட்டதுதான் பெரிய கவலையாக இருந்தது. அவர் இல்லாத ஐந்து ஆட்டங்களையும் சாம்சன் ஜான்சனை அந்த இடத்தில் நிறுத்தி வென்றோம். அப்போது அவருக்குக் கிடைத்த ஆட்ட நேரம் ஏப்ரலில் கைகொடுத்தது. நம் அணி ஆடும் பிக் ஈஸ்ட் லீக்கின் இறுதியில் மார்க்கெட் அணியை 73–57 என வென்றோம்.

தேசியப் போட்டியின் ஆறு ஆட்டங்களிலும் வித்தியாசம் பத்துப் புள்ளிக்கு மேல், மொத்தம் 140. இலினாய் ஆட்டம் 23–23 என்று நின்றபோது, தொடர்ந்து 30 புள்ளிகளை நாம் எடுத்தோம், அவர்களுக்கு ஒன்றுகூட இல்லை. 7 அடி 2 அங்குலக் கிளிங்கன் கையை நீட்டி மறித்த 19 வீச்சுகளில் ஒன்றும் வளையத்துக்குள் போகவில்லை. வளையத்தடியில் அவர் நிற்கும் தைரியத்தில்தான் மற்ற நால்வரும் வெளியே நெருங்கி நின்று மறிக்க முடிந்தது.

இறுதியில் பர்டூவை 75–60 என வென்ற விதத்தைப் பயிற்சியாளர்கள் அனைவரும் பார்க்க வேண்டும். பர்டூவின் வழக்கம் இது: பந்தை உள்ளே தங்கள் சென்டர், 7 அடி 4 அங்குல ஈடியிடம் கொடுப்பார்கள், அவரை மறிக்க இரண்டாவது ஆள் ஓடி வருவார், அவர் விட்டு வந்த ஆளுக்குப் பந்து வெளியே போகும், தொலைவிலிருந்து வீசும் மூன்று புள்ளி விழும். பருவம் முழுக்க இந்த வீச்சில் சுமார் 40 விழுக்காடு வைத்திருந்த அணி அது. பயிற்சியாளர் டான் ஹர்லி இரண்டாவது ஆளை அனுப்பவே இல்லை. கிளிங்கன் தனியாக மறித்தார். கார்டுகள் (வெளிவட்டத்தில் ஆடுபவர்கள்) வீச்சாளர்களை விட்டு நகரவில்லை. ஈடி 37 புள்ளி எடுத்தார். ஆனால் பர்டூவால் ஏழு மூன்று புள்ளி வீச்சுகளுக்கு மேல் முயல முடியவில்லை, விழுந்தது ஒன்றே. இந்த முறையில் தனியாக மறிப்பவருக்கு ஃபவுல் (விதிமீறல்) ஏறி, அவர் வெளியேற நேரும் ஆபத்து உண்டு. அதனால்தான் மாற்று சென்டர் தேவை. ஜான்சன் அந்த நிமிடங்களைத் தாங்கினார். 20 புள்ளி எடுத்த டிரிஸ்டன் நியூட்டன் இறுதிச் சுற்றின் சிறந்த வீரரானார்.

காசில் (4ஆம் இடம்), கிளிங்கன் (7ஆம் இடம்), நியூட்டன், ஸ்பென்சர் நால்வரையும் அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் அணிகள் வீரர் தேர்வில் எடுத்துக்கொண்டன. அவர்களுக்கு நம் வாழ்த்துகள். 2024–25 பருவத்துக்கு அலெக்ஸ் காராபன் நம்மோடு இருந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து டாரிஸ் ரீட் வந்தார். அந்தப் பருவத்தில் வளையத்தடியைக் காக்கும் பொறுப்பு ரீடுக்கும் ஜான்சனுக்கும் வந்தது.

செயலாளர்