யானை விழுந்த வாரத்துல உன் லிஸ்ட்டும் என் லிஸ்ட்டும்

நாஷ்வில்
2024 அக்டோபர் 6, ஞாயிறு ராத்திரி

கண்ணா,

மத்தியானம் பன்னெண்டே முக்காலுக்கு இந்த வாரம் எந்த காலேஜ் ஃபுட்பால் டீம் எந்த இடத்துல வரும்னு நம்ம வீட்டுல ஆளாளுக்கு ஊகிச்சு எழுதறோமே, அந்த உன் லிஸ்ட் வாட்ஸப்ல வந்துச்சு, ஒரு மணிக்கு ஏபி போல், அதான் ஏபி நியூஸ் ஏஜென்சி ஓட்டெடுத்து வாராவாரம் போடற டாப் 25 லிஸ்ட், வந்துருச்சு, நடுவுல கால் மணி நேரம்தான், அதுக்குள்ள நான் பருப்ப அடுப்புல வச்சுட்டு உன் லிஸ்ட்ட மேல இருந்து கீழ வரைக்கும் ரெண்டு தடவ படிச்சுட்டேன். படிச்ச உடனே உனக்கு ஃபோன் போடணும்னு இருந்துச்சு. ஆனா ஃபோன்ல நீ "சரிம்மா சரிம்மா"ன்னு வச்சுடுவ, அதான் உக்காந்து எழுதுறேன், மெதுவா படி.

முதல்ல நேத்து இங்க என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், நீ சியாட்டில்ல ஸ்டேடியத்துல இருந்ததால டிவில கூட பாத்திருக்க மாட்ட. வாண்டர்பில்ட் 40, அலபாமா 35. இத எழுதும்போது கூட கை ஒரு நிமிஷம் நிக்குது. நம்ம வீட்டுல இருந்து பதினஞ்சு நிமிஷத்துல இருக்கற ஸ்டேடியம், ரெண்டு பக்கமும் கட்டட வேலை நடந்துட்டு பாதி கிரேனா நிக்கற இடம், அங்க வந்து நம்பர் 1 டீம் தோத்துட்டு போயிருக்கு. டாப் 5 டீம்கிட்ட வாண்டர்பில்ட் அதுவரைக்கும் 60 தடவ ஆடி 60 தடவயும் தோத்தவங்க, அலபாமாவ கடைசியா ஜெயிச்சது 1984ல, நானும் அப்பாவும் அமெரிக்கா பக்கமே தலை வைக்காத காலம் அது. ஆரம்பத்துலயே 13-0ன்னு முன்னால போனப்ப அப்பா "இன்னும் நேரம் இருக்கு, பாரு"ன்னாரு. வாண்டர்பில்ட் குவார்ட்டர்பேக் (பந்த எறிஞ்சு ஆட்டத்த நடத்தறவன்) டியேகோ பவியா, போன வருஷம் நியூ மெக்சிகோ ஸ்டேட்ல இருந்தப்ப ஆபர்ன் ஊருக்கே போய் 31-10ன்னு ஜெயிச்சவன், அவனுக்கு பெரிய டீம்னா பயமே இல்ல. மொத்தம் 60 நிமிஷ ஆட்டத்துல 42 நிமிஷம் பந்து வாண்டர்பில்ட் கைலதான். அலபாமா 35க்கு வந்து நின்னப்பறம் கடைசில பந்த திருப்பி குடுக்கவே இல்ல, அப்படியே நேரத்த ஓட்டி முடிச்சுட்டாங்க.

ராத்திரி அப்பாவும் நானும் காய்கறி வாங்கிட்டு திரும்புறோம், பிராட்வே தாண்ட முடியல, போலீஸ் வண்டிய நிறுத்திட்டாங்க. என்னடான்னு பாத்தா பசங்க கோல் போஸ்ட்ட தோள்ல தூக்கிட்டு வர்றாங்க கண்ணா! மஞ்சள் பெயின்ட் அடிச்ச அந்த இரும்பு குழாய், நம்ம கார் கண்ணாடிக்கு ரெண்டடி தள்ளி போகுது, அடில மண்ணு ஒட்டிருக்கு, ஒரு பொண்ணு ஒத்த செருப்போட ஓடுது, ஒரு பையன் ஒரு கைல குழாய பிடிச்சுட்டு இன்னொரு கைல அவங்க அம்மாவுக்கோ யாருக்கோ வீடியோ கால்ல காட்டிட்டு போறான். ஸ்டேடியத்துல இருந்து கம்பர்லண்ட் ஆறு வரைக்கும் ரெண்டு மைலுக்கு மேல, அவ்ளோ தூரமும் தூக்கிட்டு போய் ஆத்துல போட்டுட்டாங்க. அந்த பையன பாத்ததும் எனக்கு உன் ஞாபகம் வந்து கண்ணு கலங்கிருச்சு. அப்பா ஒண்ணும் சொல்லல, அவரும் கண்ணாடிய இறக்கி விட்டு பாத்துட்டே இருந்தாரு.

சரி, லிஸ்ட்டுக்கு வர்றேன்.

நீ வாண்டர்பில்ட்ட 22ல போட்ட, வாஷிங்டன 20ல போட்ட. வாஷிங்டன் மிச்சிகன 27-17ன்னு ஜெயிச்சத நேர்ல பாத்துட்டு வந்த சூடு உனக்கு, வாண்டர்பில்ட் நம்ம ஊரு, ரெண்டும் எனக்கு புரியுது. ஆனா ரெண்டுமே 25க்குள்ள வரல பாத்தியா. ஏன்னு யோசி. வாண்டர்பில்ட் மூணு வாரம் முன்னாடி ஜார்ஜியா ஸ்டேட்கிட்ட 36-32ன்னு தோத்தவங்க, அப்புறம் மிசூரிகிட்டயும் தோல்வி, ஆக மூணு வெற்றி ரெண்டு தோல்வி, 3-2. வாஷிங்டன் ரட்கர்ஸ்கிட்டயும் வாஷிங்டன் ஸ்டேட்கிட்டயும் தோத்துட்டு 4-2ல நிக்குது. ஓட்டு போடறவங்க அறுபது சொச்சம் பேரு, எல்லாரும் பேப்பர், டிவி, ரேடியோல வேலை பாக்கறவங்க, ஒவ்வொருத்தரும் 25 டீம் எழுதணும், முதல் இடத்துக்கு 25 பாயிண்ட், ரெண்டாவதுக்கு 24, அப்படியே இறங்கி கடைசிக்கு 1. நம்ம மனசுல இருக்கற மாதிரி வாண்டர்பில்ட்ட 22ல போடணும்னா அவங்கள்ல பாதி பேருக்கு மேல அவங்க லிஸ்ட்ல இடம் ஒழிச்சு குடுக்கணும். இடம் யாரை எடுத்துட்டு குடுப்பாங்க? இன்னும் தோக்காம 5-0ன்னு நிக்கற பிட்ஸ்பர்க் வாசல்லயே நிக்குது, அவங்கதான் 22க்கு வந்தாங்க. லூயிவில்ல 34-27ன்னு ஜெயிச்ச எஸ்எம்யூ ஒரே தோல்வியோட நிக்குது, அவங்க 25. இந்த மாதிரி வாரத்துல பெரிய ஆள கவுத்தவனுக்கு கோல் போஸ்ட்டும் ஆறும்தான் கெடைக்கும், ரேங்க் போறது சத்தமில்லாம இருந்தவனுக்கு.

டெக்சஸ பாரு. நேத்து அவங்களுக்கு ஆட்டமே இல்ல, பை வீக், வீட்டுல உக்காந்து எல்லாரும் தோக்கறத பாத்துட்டு இருந்தாங்க, இன்னிக்கு நம்பர் 1. இதுல என்னன்னா போன வாரம் அவங்க மிசிசிப்பி ஸ்டேட்ட 35-13ன்னு ஜெயிச்சுட்டும் முதல் இடத்த அலபாமாகிட்ட குடுத்துட்டு ரெண்டுக்கு இறங்குனாங்க, ஆடி ஜெயிச்ச வாரம் இறக்கம், ஆடாத வாரம் ஏத்தம்! பென் ஸ்டேட் யுசிஎல்ஏவ 27-11ன்னு ஜெயிச்சாங்க, பெருசா சொல்லிக்கற ஆட்டம் இல்ல, 7ல இருந்து 4. மயாமி கலிஃபோர்னியாகிட்ட 35-10ன்னு பின்னால இருந்து கடைசில 39-38ன்னு தப்பிச்சது, கிழக்கு பக்கம் மணி ராத்திரி ரெண்டு ஆகிருச்சு அது முடியும்போது, அவங்களும் 8ல இருந்து 6க்கு ஏறிட்டாங்க. நீ மயாமிய 10க்கு இறக்கி இருந்த, "இப்படி தடுமாறுறவன எப்படிம்மா ஏத்துவாங்க"ன்னு எழுதி இருந்த. மேல ரெண்டு பேரு விழுந்தா கீழ நிக்கறவன் தானா மேல வந்துருவான்டா, அவன் எப்படி நின்னான்னு ராத்திரி ரெண்டு மணிக்கு மேல யாரு ஆராயறது.

இப்ப அலபாமா. நீ 12ல போட்ட. நான் 8ல போட்டேன். வந்தது 7. நம்ம ஊர்ல யானை படுத்தாலும் குதிரை மட்டம்னு பாட்டி சொல்லுவாங்கல்ல, அலபாமாவோட அடையாளமே யானைதான், நேத்து முழுக்க எனக்கு அந்த சொல்லுதான் மனசுல ஓடிட்டு இருந்துச்சு. சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஆகஸ்ட்ல ஒரு லிஸ்ட் போட்டுடறாங்க, அதுல மேல எழுதுன பேர அழிக்க அவங்க கைக்கு மனசு வர்றதில்ல. ஒரு தோல்வின்னா நாலு படி, ஆறு படி, அவ்ளோதான். டென்னஸியும் அப்படித்தான், ஆர்கன்சாகிட்ட 19-14ன்னு தோத்துட்டு 4ல இருந்து 8. (பக்கத்து வீட்டுல டென்னஸியோட ஆரஞ்சு கொடிய இன்னிக்கு இன்னும் வெளிய வைக்கல, பாவம், நாளைக்கு கொஞ்சம் கேசரி குடுக்கலாம்னு இருக்கேன்.) ஆனா மிசூரி 9ல இருந்து 21க்கு போயிருச்சு, அவங்களுக்கும் அது முதல் தோல்விதான், ஆனா டெக்சஸ் ஏ அண்ட் எம்கிட்ட 41-10. எத்தன பாயிண்ட்ல தோத்தன்னு பாக்கறாங்க, அதுக்கு முன்னாடி வாரமெல்லாம் தட்டுத் தடுமாறி வந்தியான்னும் பாக்கறாங்க, மிசூரி வாண்டர்பில்ட்டயே ரெண்டு ஓவர்டைம் போய்தான் ஜெயிச்சது.

ரெண்டாவது தோல்வின்னா கதையே வேற. மிச்சிகனும் யுஎஸ்சியும் 10, 11ன்னு பக்கத்து பக்கத்துல இருந்தாங்க, ரெண்டு பேருக்கும் நேத்தோட ரெண்டு தோல்வி, யுஎஸ்சி மினசோட்டாகிட்ட 24-17. மிச்சிகன் 24ல தொங்கிட்டு நிக்குது, யுஎஸ்சி லிஸ்ட்லயே இல்ல. ஒரு வித்தியாசம்தான், செப்டம்பர்ல மிச்சிகன் யுஎஸ்சிய 27-24ன்னு ஜெயிச்சிருக்கு. இத நீ சரியா பிடிச்ச, மிச்சிகன 23ல போட்டு யுஎஸ்சிய எடுத்தே விட்டுட்ட, நான் யுஎஸ்சிய 22ல வச்சிருந்தேன். அந்த இடத்துல உன் கணக்கு என் கணக்க விட நல்லா இருந்துச்சு, அத பாத்து எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா.

நீ ரொம்ப கோவமா எழுதுன விஷயம் ஜார்ஜியா. எட்டு நாள் முன்னாடி அலபாமா ஜார்ஜியாவ 41-34ன்னு ஜெயிச்சுது, ரெண்டு பேருக்கும் ஒரே ஒரு தோல்வி, அப்படி இருக்க ஜார்ஜியா 5, அலபாமா 7. "நேருக்கு நேர் ஜெயிச்சவன் கீழ, தோத்தவன் மேல, இது என்ன நியாயம்"னு கேட்ட. நியாயம் இல்லதான்டா. நானும் அப்பாவும் இத பத்தி சாப்பாட்டுல அரை மணி நேரம் பேசுனோம், அப்பா உன் கட்சி. ஆனா ஓட்டு போடறவன் மனசுல சனிக்கிழம நடந்ததுதான் பெருசா நிக்கும், ஜார்ஜியா தோத்தது அலபாமாகிட்ட, அலபாமா தோத்தது வாண்டர்பில்ட்கிட்ட, அப்படித்தான் அவங்க எடை போடுவாங்க. நீ ஒரு லிஸ்ட்ல ரெண்டு வேலை செய்யற கண்ணா. எந்த டீம் நல்ல டீம்னு சொல்றது ஒரு வேலை, அந்த அறுபது பேரு என்ன எழுதுவாங்கன்னு சொல்றது வேற வேலை. நம்ம வீட்டுல ஞாயித்துக்கிழம செய்யறது ரெண்டாவது. அதுல உன் கோவத்த கலந்தா லிஸ்ட் கோணிடும்.

உனக்கு ஞாபகம் இருக்கா, 2007 செப்டம்பர், உனக்கு எட்டு வயசு. ஆப்பலாச்சியன் ஸ்டேட்னு கீழ் டிவிஷன் டீம் ஒண்ணு மிச்சிகன் ஊருக்கே போய் 34-32ன்னு ஜெயிச்சுது, அப்ப மிச்சிகன் நம்பர் 5. நீ ப்ளூ க்ரேயான்ல காலண்டர் தாளுக்கு பின்னாடி முதல் தடவையா லிஸ்ட் எழுதுன, மிச்சிகன 15ல போட்ட. போல் வந்தப்ப மிச்சிகன் 25லயே இல்ல, 5ல இருந்து நேரா வெளிய. நீ ஃப்ரிட்ஜ் முன்னாடி நின்னு அழுத. ஜெயிச்சவன் பேரும் இல்ல, கீழ் டிவிஷனுக்கு ஓட்டு போடலாம்னு ஏபி விதிய மாத்துனதே அந்த ஆட்டத்துக்கு அப்புறம்தான். அந்த தாள் இன்னும் என்கிட்ட இருக்கு, மஞ்சளாயிருச்சு. அன்னிக்கு அழுத மாதிரியே இன்னிக்கு கோவப்படற, மாறவே இல்ல நீ, அது எனக்கு பிடிச்சிருக்கு.

இந்த வருஷம் இன்னொண்ணும் மனசுல வை. சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற கடைசி சுற்று, ப்ளேஆஃப், 12 டீம் ஆயிருச்சு, முன்னாடி நாலே டீம், அப்ப ஒரு தோல்வின்னாலே வயித்துல புளி கரைக்கும், இப்ப அலபாமாவுக்கோ டென்னஸிக்கோ இதோட சீசன் முடியல. யாரு உள்ள யாரு வெளியன்னு முடிவு பண்றதும் ஏபி இல்ல, கமிட்டி 13 பேரு, அவங்க லிஸ்ட் நவம்பர்லதான் வரும். அவங்க நேருக்கு நேர் ஆட்டத்த மதிப்பாங்க, அப்ப உன் ஜார்ஜியா வாதத்த எடு, நான் எதிர்த்து பேச மாட்டேன்.

மொத்தத்துல அதே இடத்துல சரியா விழுந்தது உனக்கு ஆறு, எனக்கு ஒம்போது. தங்கச்சி அனுப்பவே இல்ல, பரீட்சையாம்.

வர்ற சனிக்கிழம ஒஹாயோ ஸ்டேட் ஆரிகன் ஊருக்கு போகுது, 2ம் 3ம். ஓல் மிஸ் எல்எஸ்யு ஊருக்கு போகுது, ராத்திரி ஆட்டம் வேற. டெக்சஸ் டாலஸ்ல ஓக்லஹோமாவோட. ஒஹாயோ ஸ்டேட் மூணு பாயிண்ட்ல தோத்தா எவ்ளோ இறங்கும், இருபது பாயிண்ட்ல தோத்தா எவ்ளோ இறங்கும், ரெண்டயும் இப்பவே யோசிச்சு வை, ஆட்டம் பாத்தப்பறம் யோசிச்சா மனசு சாஞ்சுரும். சனி ராத்திரியே எழுதிட்டு தூங்கு. டைப் பண்ணி அனுப்பாத கண்ணா, ஒரு தாள்ல உன் கையால எழுதி ஃபோட்டோ எடுத்து அனுப்பு, பிரிண்ட் போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டணும், அங்க அப்பா லிஸ்ட்டும் என் லிஸ்ட்டும்தான் இருக்கு, நடுவுல இடம் விட்டு வச்சிருக்கேன்.

அம்மா