நம்பர் பிளேட்டை மறைக்காதீங்க அண்ணாச்சி: பழைய கார் விக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு பூரா கார் கன்சல்டிங் வச்சிருக்க அண்ணாச்சிகளுக்கும், யார்டு போட்டு வண்டி விக்கிறவங்களுக்கும், நடுவுல நின்னு முடிச்சுக் குடுக்குற புரோக்கர் அண்ணன்களுக்கும் வணக்கம்.

நான் தென்காசி பக்கத்துல இருந்து எழுதுறேன். ஊர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். அப்பாவுக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சிருக்கு, மாசம் ஒரு தடவை மதுரைக்கு செக்கப் கூட்டிட்டுப் போகணும், பஸ்ல போயிட்டுத் திரும்புறதுக்குள்ள அவரு முகம் கறுத்துப் போயிரும், அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒரு பழைய கார் வாங்கிருவோம்னு வீட்ல முடிவு பண்ணோம். மூணரை லட்சத்துக்குள்ள. லோன் இல்ல. சீட்டு எடுத்த காசும், வீட்ல நகையை அடகு வச்ச காசும்தான். உங்க யார்டு வாசல்ல கையில பையோட வந்து நிக்கிறவங்கள்ல பாதிப்பேரு இப்படிப்பட்ட காசோடதான் வாறாங்க, அது உங்களுக்குத் தெரியணும்னுதான் இதை முதல்லயே சொல்றேன்.

எங்க ஊர்ப் பக்கம் விலைக்கு வர்ற வண்டி கம்மி. அதனால போன்ல போட்டோ பார்த்து, கூப்பிட்டுப் பேசி, வெளியூர் போயித்தான் பார்க்கணும். நாங்க அப்படி மூணு ஊருக்குப் போனோம்.

முதல்ல கோயம்புத்தூர். 2014 ஸ்விஃப்ட் டீசல். போன்ல சொன்னது என்னன்னா சிங்கிள் ஓனர், மீட்டர் 68,000, இன்ஜின் கை வைக்காத வண்டி, ஆக்சிடெண்ட்டே இல்ல, ஒரு ரூபா செலவு பண்ண வேண்டாம், எடுத்து ஓட்ட வேண்டியதுதான். வண்டி நம்பர் கேட்டேன், நேர்ல வாங்கண்ணா பாத்துக்கலாம்னாரு. பதினஞ்சு போட்டோ அனுப்பியிருந்தாரு, பதினஞ்சுலயும் நம்பர் பிளேட் மேல வெள்ளைக் கட்டம். சனிக்கிழமை கடையை அடைச்சிட்டு, எங்க ஊரு மெக்கானிக் அண்ணனை ஒரு நாள் கூலி 1,500 பேசிக் கூட்டிக்கிட்டு, ராத்திரி பஸ் ஏறி 300 கிலோமீட்டருக்கு மேல போயி, விடியக்காலம் சிங்காநல்லூர்ல இறங்கி, கட்டணக் கழிப்பறையில முகம் கழுவி, டீ குடிச்சிட்டு, யார்டு தொறக்குற வரைக்கும் ரோட்டோரம் உக்காந்திருந்தோம்.

உள்ள போனதும் மெக்கானிக் அண்ணன் வேற எதையும் பார்க்கல, நேராப் போயி போனட் மேல கையை வச்சாரு. சூடா இருந்துச்சு. காலைல முதல் ஸ்டார்ட்லதான் டீசல் வண்டியோட சங்கதி வெளிய வரும், புகை எவ்வளவு தள்ளுது, செயின் சத்தம் வருதா, எத்தனை செல்ஃப்ல எடுக்குது எல்லாம் அப்போதான் தெரியும், அதனாலதான் நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி சூடாக்கி வச்சிருக்காங்கன்னு அவரு என் காதுல சொன்னாரு. அப்புறம் கதவு ரப்பர் பீடிங்கை இழுத்துக் காட்டினாரு. இடது பக்கம் பில்லர்ல, அதான் கதவு மாட்டுற தூண்ல, கம்பெனி ஸ்பாட் வெல்டிங் வட்டம் வட்டமா வரிசையா இருக்கு, வலது பக்கம் ஒண்ணுகூட இல்ல, அடிபட்டதை மறைக்க மொழுமொழுன்னு பட்டி போட்டு பெயிண்ட் அடிச்சிருக்கு. கண்ணாடி மூலையில தயாரிச்ச வருஷம் குறிச்சிருக்கும்ல, எல்லாக் கண்ணாடியும் 2014, வலது பக்கம் ரெண்டு மட்டும் 2018. கிளட்ச் பெடல் ரப்பர் தேஞ்சு இரும்பு தெரியுது. 68,000 கிலோமீட்டர்ல அது அப்படித் தேயாது.

இதையெல்லாம் கேட்டப்போ அந்தக் கடைக்காரர் கோபப்படல. பழைய வண்டின்னா அப்படித்தானுங்க இருக்கும்னாரு. அதுக்கு அடுத்து அவரு சொன்னதுதான் இந்தக் கடிதத்தை எழுத வச்சது. "இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, வெறுங்கையோட போகாதீங்க, பத்தாயிரம் கொறைச்சுக்கறேனுங்க."

உண்மையைச் சொல்றேன், அந்த நிமிஷம் நான் அட்வான்ஸ் குடுக்கப் போனேன். ராத்திரி தூக்கம் இல்ல, கடை அடைச்சாச்சு, மெக்கானிக் கூலி குடுக்கணும், வீட்ல பொண்ணு போன் பண்ணி அப்பா என்ன கலர்னு கேட்டுட்டா, வெறுங்கையோட போயி வீட்ல என்ன சொல்றதுன்னு மனசு அடிச்சுக்குது. ஆக்சிடெண்ட் வண்டின்னு கண்ணால பார்த்த பிறகும் கை ஜிபே பக்கம் போகுது. மெக்கானிக் அண்ணன் என் கையைப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்தாரு. அப்போதான் எனக்குப் புரிஞ்சது, எங்க அலைச்சலை வச்சே எங்ககிட்ட வியாபாரம் நடக்குது. பக்கத்துத் தெருக்காரனா இருந்தா நாளைக்கு வாறேன்னு சொல்லிட்டுப் போயிருவான், தூரத்துல இருந்து வந்தவனால அப்படிப் போக முடியாது. போன்லயே குறையைச் சொல்லிட்டா நான் வந்திருக்கவே மாட்டேன், வந்துட்டா குறையோட எடுத்துக்குவேன். இந்தக் கணக்கு தெரிஞ்சுதான் பலபேரு நேர்ல வாங்கன்னு கூப்பிடுறாங்கன்னு நான் நினைக்கிறேன், தப்பா இருந்தா மன்னிச்சிக்கோங்க, ஆனா மூணு ஊர்லயும் அதே வார்த்தையைத்தான் கேட்டேன்.

திரும்பி வந்து அந்த வண்டி நம்பரை, இப்போதான் நம்பர் தெரியுமே, மெக்கானிக் அண்ணனுக்குத் தெரிஞ்ச ஒரு சர்வீஸ் சென்டர் தம்பிகிட்ட குடுத்தோம். 2020ல கடைசியா சர்வீஸ் விட்டப்பவே 1,31,000 ஓடியிருக்கு. மீட்டரைக் கிட்டத்தட்ட பாதிக்கு இறக்கி வச்சிருக்காங்க. வண்டி விவரம் பார்க்குற அரசாங்க ஆப் எம்பரிவாகன்ல போட்டா ரெண்டாவது ஓனர். இவ்வளவும் பத்து நிமிஷத்துல தெரிஞ்சுது அண்ணாச்சி, நம்பர் கையில இருந்ததால. வெள்ளிக்கிழமையே அந்த நம்பரைக் குடுத்திருந்தா நான் பஸ்ஸே ஏறியிருக்க மாட்டேன்.

ரெண்டாவது சென்னை. பொதிகை எக்ஸ்பிரஸ் ரயில்ல ராத்திரி ஏறி காலைல தாம்பரத்துல இறங்கினோம். ஒரு ஐ10, பெட்ரோல், பார்க்க அம்சமா இருந்துச்சு, உள்ள ஒரே வாசனை. அந்த வாசனையே மெக்கானிக் அண்ணனுக்குப் பிடிக்கல. சீட் பெல்ட்டை இழுத்தாரு, சும்மா இல்ல, கடைசி வரைக்கும் இழுத்தாரு. பெல்ட் சுருள் பில்லருக்குக் கீழ இருக்கு, வெள்ளத் தண்ணி ஏறுச்சுன்னா உள்ள சுத்தியிருக்க பெல்ட் நனைஞ்சு சேறு படியும், யாரும் அதை முழுசா இழுத்துத் துடைக்க மாட்டாங்க. கடைசி ஒரு முழத்துல செம்மண் கலர்ல கோடு கோடா இருந்துச்சு. ஸ்டெப்னியைத் தூக்கினா அடியில வண்டல், சீட் ரெயில் பூரா துரு. கேட்டா டயர் அளவு தண்ணிதான் சார்னாங்க.

எங்களுக்கு வெள்ளம் தெரியாம இல்ல. 2023 டிசம்பர்ல சென்னையில மிக்ஜாம் வந்துட்டுப் போன ரெண்டே வாரத்துல எங்க பக்கம் திருநெல்வேலி, தூத்துக்குடி மூழ்குச்சு, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. என் சொந்தக்காரங்க வண்டியே போயிருக்கு. இன்சூரன்ஸ்ல டோட்டல் லாஸ் போட்டு ஏலத்துல விடுறதும், அதை எடுத்துக் கழுவி, உள்ள மாத்தி, மறுபடி விக்கிறதும் நடக்குற தொழில்தான், அது தப்புன்னு நான் சொல்லல. ஆனா மூழ்குன வண்டின்னு சொல்லி அந்த விலைக்கு வில்லுங்க. ஏன்னா வயரிங் உள்ள உப்புப் பூத்து ஆறு மாசம் கழிச்சுத்தான் ஒவ்வொண்ணா வேலை காட்டும், ராத்திரி நேரத்துல நாலுவழிச் சாலையில வண்டி ஆஃப் ஆகி நின்னா பின் சீட்ல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு எங்க அப்பா இருப்பாரு.

மூணாவது ஓசூர். அதைப் பத்தி நிறைய சொல்ல வேண்டாம். வண்டி நல்ல வண்டி, ஆனா கர்நாடகா நம்பர், அதைப் போன்ல சொல்லவே இல்ல. ஆர்சியில ஃபைனான்ஸ் பேரு அப்படியே நிக்குது, கட்டி முடிச்சாச்சுன்னு சொல்றாங்க, கடன் பாக்கி இல்லன்னு பேங்க் குடுக்குற என்ஓசி பேப்பர் கையில இல்ல. அந்த ஊர் ஆர்டிஓ என்ஓசி வாங்கி, தமிழ்நாட்டுல மறுபடி லைஃப் டாக்ஸ் கட்டி நம்பர் மாத்துற செலவு தனி. 400 கிலோமீட்டருக்கு மேல போயி ஆர்சியைப் பார்த்து அஞ்சு நிமிஷத்துல திரும்பினோம்.

மூணு அலைச்சல்லயும் சேர்த்து, பஸ் ரயில் சாப்பாடு கூலி எல்லாம், 16,000 ரூபாய் போச்சு. கடை அடைச்ச நாள் கணக்குல சேர்க்கல. அதைவிட, மூணாவது தடவை வந்தப்போ அப்பா சொன்னாரு, எனக்காக அலையாதப்பா, நான் பஸ்லயே போய்க்கிறேன்னு. அந்த வார்த்தை எனக்கு இன்னும் வலிக்குது.

உங்க பக்கம் கஷ்டம் இருக்குன்னு எனக்குத் தெரியும். நாள் பூரா போன், அம்பது பேரு கேட்டா ரெண்டு பேருதான் வருவாங்க, நம்பரைக் குடுத்தா நேரா ஓனரைக் கண்டுபிடிச்சுப் பேசிருவாங்கன்னு பயம், 2025ல இருந்து மார்ஜின் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற. 2023 ஏப்ரல்ல இருந்து பழைய வண்டி டீலருக்குன்னு ஆர்டிஓ அங்கீகாரச் சான்று வாங்கணும்னு மத்திய அரசு விதி கொண்டு வந்திருக்கு, வண்டி உங்க கையில இருக்குற வரை பொறுப்பு உங்களுதுன்னு அதுல இருக்கு, அதை வாங்கிச் சுவத்துல மாட்டி நேர்மையா நடத்துறவங்களும் உங்கள்ல இருக்கீங்க. பொய் சொல்றவங்களால அவங்களுக்குத்தான் பெரிய நஷ்டம், ஏன்னா மூணு தடவை ஏமாந்தவன் நாலாவதா நல்லவர் போன் எடுத்தாலும் நம்ப மாட்டான்.

நாலாவதா எனக்கு ஒரு நல்லவர் கிடைச்சாரு. திண்டுக்கல்ல சின்னதா கன்சல்டிங் வச்சிருக்கவரு. 2013 வேகன் ஆர், பெட்ரோல். நான் வாயைத் தொறக்குறதுக்கு முன்னாடியே அவரே சொன்னாரு, "சார், வண்டி மூணாவது ஓனர், முன்பக்கம் இடது கதவு மாத்தியிருக்கு, ஏசி கம்ப்ரசர் போச்சு, டயர் நாலும் 2018, மாத்தணும். இதெல்லாம் சரின்னா வாங்க, இல்லன்னா அலைய வேண்டாம்." வண்டி நம்பரை வாட்ஸப்ல அனுப்பிட்டாரு. மறுநாள் காலைல ராத்திரி பூரா நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்றதை போனட் தொறந்து வெட்டாம வீடியோ எடுத்து அனுப்புனாரு, மீட்டரையும் சைலன்சரையும் அதே வீடியோவுல காட்டினாரு. நாங்க 200 கிலோமீட்டருக்கு மேல போனோம். அவரு சொன்ன குறை எல்லாம் இருந்துச்சு, சொல்லாத குறை ஒண்ணுகூட இல்ல. மெக்கானிக் அண்ணன் ஒரு மணி நேரம் பார்த்துட்டு, எடுத்துக்கோன்னாரு. ஏசிக்கும் டயருக்கும் ஆகுற காசைக் கழிச்சுப் பேசினோம், அவரும் முகம் சுளிக்காம ஒத்துக்கிட்டாரு. ஆவணி பொறந்ததும் பேரு மாத்தி எடுத்துட்டு வந்து, எலுமிச்சம்பழம் ஏத்தி, அப்பாவை முன் சீட்ல உக்கார வச்சு ஊரைச் சுத்தி வந்தோம்.

குறையைச் சொன்னா வாங்குறவன் ஓடிருவான்னு நினைக்காதீங்க. பதிமூணு வருஷ வண்டியில குறை இல்லாம இருக்குமா, எங்களுக்கு அது தெரியாதா? குறைக்கு ஒரு விலை இருக்கு, அதைக் கழிச்சு வாங்குறதுக்குத்தான் நாங்க பழைய வண்டிக்கு வாறோம்.

அதனால உங்ககிட்ட கேக்குறேன். போட்டோவுல நம்பரை மறைக்கிறது உங்க பாதுகாப்புக்குன்னா மறைச்சுக்கோங்க, ஆனா கிளம்பி வாறேன்னு ஒருத்தன் சொன்னா அவனுக்காவது நம்பரைக் குடுங்க. முதல் ஸ்டார்ட் வீடியோ ஒண்ணு அனுப்புங்க. அடிபட்டதா, மூழ்குனதா, வெளி மாநிலமா, ஃபைனான்ஸ் கழிஞ்சு பேப்பர் கையில இருக்கா, இந்த நாலையும் கேக்காமலே சொல்லிருங்க. வண்டியைப் பார்க்குறதுக்கு முன்னாடி டோக்கன் அட்வான்ஸ் போடச் சொல்லாதீங்க. வந்தவன் வேண்டாம்னு சொன்னா, இவ்வளவு தூரம் வந்துட்டீங்கன்னு சொல்லாம ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்புங்க, அவன் ஊர்ல போயி உங்க பேரைச் சொல்லி நாலு பேரை அனுப்புவான். திண்டுக்கல்காரருக்கு நான் இதுவரைக்கும் மூணு பேரை அனுப்பியிருக்கேன், அதுல ரெண்டு பேரு வண்டி எடுத்தாச்சு.

இப்போ என் மச்சான் சவுதியில இருந்து லீவுக்கு வந்திருக்கான். நாப்பது நாள் லீவு, அதுல பன்னெண்டு நாள் போச்சு. அக்காவையும் புள்ளைகளையும் கூட்டிட்டுப் போக ஏழு பேரு உக்கார்ற வண்டி வேணுமாம், நாமக்கல்ல ஒரு எர்டிகா இருக்குன்னு நேத்து ராத்திரி என்கிட்ட போட்டோ காட்டினான், வழக்கம்போல நம்பர் மேல வெள்ளைக் கட்டம். ஞாயித்துக்கிழமை கிளம்பணும்னு நிக்கிறான், நான் இன்னைக்குச் சாயங்காலம் அந்த யார்டுக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்கேன். உங்கள்ல ஒருத்தர்தான் எடுக்கப் போறீங்க. அவன் முதல்ல வண்டி நம்பரைத்தான் கேப்பான். குடுத்துருங்க அண்ணாச்சி.