கில்ட்டுக்கு முன்அனுமதி எதற்கு? உடை விதி எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

ஸ்காட்லாந்தின் நிறுவனங்களில் பணியாளர்களுக்கான உடை விதிகளை வகுக்கும் பொறுப்பில் உள்ளோருக்கு,

வணக்கம். உங்களுள் தமிழர்களும் இருக்கிறீர்கள் என்பதை அறிந்தே இம்மடலைத் தமிழில் எழுதுகிறேன். பல ஆண்டுகளாகக் கிளாஸ்கோவில் வேலை செய்து வரும் நான், ஸ்காட்டிய ஆண்கள் இடுப்பில் கட்டும் மடிப்புப் பாவாடை போன்ற கில்ட்டை அணிபவன் அல்லன். என் பக்கத்து மேசையில் கணக்குப் பார்க்கும் நண்பர் அணிந்து வந்தார். சாம்பல் நிறக் கம்பளித் துணியில் தைத்த கில்ட், மேலே சாதாரணச் சட்டை, முழங்கால்வரை ஏறும் காலுறை, இடுப்பில் தொங்கும் தோல்பை. நாள்தோறும் அவர் வருகிற கோலம் அதுதான். சென்ற குளிர்காலத்தில் அவருக்கு அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆண் பணியாளர்கள் முழுக்கால்சட்டை அணிய வேண்டும் என்று விதி இருப்பதாகவும், கவிஞர் ராபர்ட் பர்ன்ஸைக் கொண்டாடும் பர்ன்ஸ் இரவு, ஸ்காட்லாந்தின் காவல் புனிதரைக் கொண்டாடும் புனித ஆண்ட்ரூ நாள் போன்ற சிறப்பு நாள்களில் கில்ட் அணிய விரும்பினால் முன்கூட்டியே அனுமதி பெறலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. சொற்களில் மரியாதைக்குக் குறைவில்லை. மறுநாள் அவர் கால்சட்டையில் வந்தார். ஜனவரி 25, பர்ன்ஸ் இரவு நாளன்றும் கால்சட்டையில்தான் வந்தார். அனுமதி கேட்டு விண்ணப்பிக்க அவருக்கு மனம் வரவில்லை.

எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமன்று. அந்த மின்னஞ்சலில் இருந்த எண்ணம் பல அலுவலக விதிகளில் எழுதப்பட்டும் எழுதப்படாமலும் இருக்கிறது என்பதால்தான் உங்கள் அனைவருக்கும் பொதுவாக எழுதுகிறேன். கில்ட்டை நீங்கள் வெறுக்கவில்லை. திருமணத்திலும் கெய்லி (ceilidh) என்னும் ஸ்காட்டிய நடன விருந்திலும் ஹாம்ப்டன் பார்க் கால்பந்துப் போட்டியிலும் நீங்களே அதை மகிழ்ச்சியோடு அணிகிறீர்கள். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒருவர் அதை அணிந்து வந்து கணினியைத் திறப்பதுதான் உங்களுக்கு உறுத்துகிறது.

இந்த உடையை அன்றாடத்திலிருந்து விலக்கிய முதல் விதி எது என்பது உங்களுக்குத் தெரியாததன்று. 1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடன் போர்க்களத்தில், அரியணை இழந்த ஸ்டூவர்ட் அரச குலத்துக்காகப் போரிட்ட ஜாக்கபைட்டுப் படை தோற்ற பிறகு, அதே ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய உடைச் சட்டம் 1747 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாடான ஹைலேண்டின் உடையை அணியும் ஆணுக்கோ சிறுவனுக்கோ முதல் முறை பிணையின்றி 6 மாதச் சிறை, மறுமுறை கடல்கடந்த குடியேற்றங்களுக்கு 7 ஆண்டு நாடு கடத்தல். மன்னரின் படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அரசனுக்காகப் போரில் சாக ஒப்புக்கொண்டவன் கில்ட் அணியலாம், மாடு மேய்க்கப் போகிறவன் அணியக் கூடாது. 1782-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. ஆனால், இடையில் கழிந்த 35 ஆண்டுகளில் ஒரு தலைமுறையே கால்சட்டைக்குப் பழகி வளர்ந்துவிட்டது. தடை போனபோது கில்ட் வயலுக்குத் திரும்பவில்லை, பிரபுக்களின் கூடங்களுக்குத்தான் போனது. 1822-இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, நாவலாசிரியர் வால்ட்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய வரவேற்பில் மன்னரே தோல்நிறக் காலுறைக்கு மேல் கில்ட் அணிந்து நின்றார். அன்று முதல் அது விழாவின் உடை. சட்டம் தொடங்கி வைத்ததை இன்று முன்அனுமதிப் படிவங்கள் அமைதியாகத் தொடர்கின்றன என்பதே என் முறையீடு.

கில்ட்டின் பிறப்பையும் சற்று நினைவுகூர வேண்டும். பழைய பெரிய கில்ட், உடல் முழுவதும் சுற்றி, இடுப்பில் வாரிட்டுக் கட்டி, மீதியைத் தோளில் போட்டுக்கொள்ளும் நீண்ட போர்வை. இரவில் அதுவே படுக்கை. அதன் மேற்பாதியை விட்டுவிட்டு இடுப்புக்குக் கீழுள்ள பகுதியை மட்டும் மடிப்புத் தைத்து அணியும் சிறிய கில்ட் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பரவியது. கிளென்கேரி பகுதியில் இரும்பு உலை நடத்திய தாமஸ் ராலின்சன் என்னும் ஆங்கிலேயர்தான், போர்வை வேலைக்கு இடைஞ்சலாக இருந்ததால் தொழிலாளருக்காக இந்த மாற்றத்தைச் செய்தார் என்று ஒரு செய்தி உண்டு. ஸ்காட்டியர் பலர் இதைக் கடுமையாக மறுக்கிறார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? மேற்பாதி போனால் கை வேலைக்கு வசதி என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் சண்டை இருக்க முடியாது.

இனி, உங்கள் தரப்பில் சொல்லப்படும் காரணங்களுக்கு வருகிறேன். பாதுகாப்பு என்கிறீர்கள். சுழலும் இயந்திரத்தின் அருகிலும், அமிலம் சிந்தக்கூடிய ஆய்வகத்திலும், ஏணிமேல் ஏறும் பணியிலும் கில்ட் கூடாது என்றால் அதை முழுமனதோடு ஏற்கிறேன். பிரிட்டிஷ் ராணுவமே 1940-இல் கில்ட்டைப் போர்க்களத்திலிருந்து விலக்கியது. ஆனால் அந்தக் காரணம் வேலையைச் சார்ந்தது. விரிதாளில் எண்களைக் கூட்டுகிறவருக்கு அது எப்படிப் பொருந்தும்? அடுத்து, காலுறையில் செருகும் ஸ்கீயன் டூ என்னும் சிறு கத்தி. தேசிய உடையின் பகுதியாக அதை வைத்திருப்போருக்கு 1995-ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துக் குற்றவியல் சட்டம் விலக்குத் தருகிறது என்றாலும், அலுவலகத்தில் அது தேவையே இல்லை. அதை விதியில் தடை செய்யுங்கள், ஒருவரும் வருந்த மாட்டார்கள்.

கண்ணியம் பற்றிய தயக்கம்தான் உண்மையில் பெரியது என்று நினைக்கிறேன். கில்ட்டின் உள்ளே என்ன அணிந்திருக்கிறார்கள் என்ற கேலி எங்கும் நிற்பதாயில்லை. உள்ளாடை அணிவதே சுகாதாரம் என்று டார்ட்டன் எனப்படும் ஸ்காட்டியக் கட்டம் போட்ட துணிகளுக்கான ஆணையத்தின் இயக்குநர் 2010-இலேயே வெளிப்படையாக அறிவுறுத்தினார். அதையே நீங்களும் விதியில் எழுதலாம். ஆனால் கேலி அங்கே முடிவதில்லை. இன்வர்னஸ் நகரின் மதுக்கூடம் ஒன்றில், வாடிக்கையாளர்கள் கில்ட்டைத் தூக்கிப் பார்த்துத் தொல்லை தந்ததால் பணியாளர்கள் 2017-இல் அதை அணிவதையே நிறுத்திக்கொண்ட செய்தி உங்கள் நினைவில் இருக்கக்கூடும். ஒரு பெண்ணின் பாவாடையை ஒருவன் தூக்கியிருந்தால் காவல்துறை வந்திருக்கும். கில்ட்டைத் தூக்கினால் சிரிப்பு வருகிறது, பிறகு தொல்லைக்கு ஆளானவரே உடையை மாற்றிக்கொள்கிறார். உங்கள் தொல்லை தடுப்பு விதியில் இதைப் பெயர் சொல்லி ஒரு வரி எழுதினால், கால்சட்டைக் கட்டாயத்தைவிடப் பல மடங்கு கண்ணியத்தைக் காப்பாற்றிய புண்ணியம் உங்களுக்குக் கிடைக்கும்.

சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவது என் நோக்கமன்று. ஆயினும் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் 'இனம்' என்ற சொல்லுக்குள் தேசிய வழியையும் சேர்த்திருக்கிறது. ஆங்கிலேயரும் ஸ்காட்டியரும் இவ்வகையில் தனித்தனித் தேசிய வழியினர் என்பதை, பிபிசி ஸ்காட்லாந்துக்கு எதிராக ஆங்கிலேயர் ஒருவர் தொடுத்த வழக்கில் ஸ்காட்லாந்தின் உச்ச உரிமையியல் நீதிமன்றமான கோர்ட் ஆஃப் செஷன் முன்பே ஏற்றுக்கொண்டது. கில்ட்டைப் பற்றி அச்சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லைதான். ஆனாலும் காரணம் சொல்ல முடியாத ஒரு கால்சட்டை விதியை எழுதி வைத்துக்கொண்டு, தீர்ப்பாயத்தில் அதற்குக் காரணம் தேடும் நிலை உங்களுக்கு வர வேண்டாம்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்பீர்கள். 2014-இல் சென்னையில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், வேட்டி அணிந்திருந்தார் என்பதற்காக ஒரு மன்றத்தின் (கிளப்பின்) வாசலில் நிறுத்தப்பட்டார். ஆங்கிலேயர் போய் 67 ஆண்டுகள் ஆன பிறகும் அவர்கள் காலத்து உடை விதி வாசலில் காவல் நின்றது. அதே ஆண்டில் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றி, இத்தகைய தடையைத் தண்டனைக்குரியதாக்கியது. அது பொது இடங்களில் நுழைவதற்கான சட்டமே தவிர, அலுவலகத்தைப் பற்றியதன்று. எங்கள் ஊரிலும் வேட்டி பெரும்பாலும் திருமணத்துக்கும் பொங்கலுக்கும் என்று சுருங்கிக்கொண்டுதான் வருகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்பதால் நண்பரின் கால்சட்டை என் கண்ணில் பட்டது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். முறைப்படி கையால் தைக்கும் கில்ட்டுக்கு 8 கெஜம் துணி தேவை. டார்ட்டனின் கட்டங்கள் ஒவ்வொரு மடிப்பிலும் ஒன்றோடொன்று பொருந்தும்படி தைப்பதற்கு ஆண்டுக்கணக்கில் பழக வேண்டும். இந்தத் தொழில் பிரிட்டனின் அழியும் கைத்தொழில்களின் சிவப்புப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை வாடகைக்கு எடுத்துத் திருப்பித் தரும் வாடிக்கையாளரை நம்பி எந்தத் தையல்காரர் தம் பிள்ளைக்கு இதைக் கற்றுக்கொடுப்பார்? டார்ட்டன்களைப் பதிவு செய்ய 2008-இல் சட்டம் போட்ட நாடு இது. நிறுவனங்களும் தமக்கெனத் தனி டார்ட்டன் பதிவு செய்துகொண்டு அதைக் கழுத்துப்பட்டையிலும் பரிசுப்பெட்டியிலும் அச்சிடுகின்றன. கணக்காளரின் இடுப்பில் மட்டும் அது முறையற்றதாகிவிடுகிறது.

ஆகவே நான் வேண்டுவது சிறிய திருத்தமே. 'ஆண்கள் முழுக்கால்சட்டை அணிய வேண்டும்' என்று இருக்கும் இடத்தில் 'முழுக்கால்சட்டை அல்லது கில்ட்' என்று எழுதுங்கள். சிறப்பு நாள், முன்அனுமதி என்ற சொற்களை நீக்கிவிடுங்கள். இயந்திரத்தின் அருகே பணி செய்வோருக்கு உரிய விதி தனியே இருக்கட்டும். அடுத்த முறை விதிகளைத் திருத்த உட்காரும்போது இம்மடலையும் மேசையில் வைத்துக்கொள்ளுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிளாஸ்கோவிலிருந்து, கால்சட்டை அணியும் ஒரு கணக்காளன்