‘போட்டு வாறன்’ என்பதைத் திருத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ் மரபுத் திங்களாகிய ஜனவரியில் ரொறன்ரோவில் மேடைகளுக்குக் குறைவில்லை. மேடையில் சொல்லிக்காட்டும் ஸ்போக்கன் வேர்ட் கவிதைக்கும் இப்போது இடம் தருகிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் பிள்ளைகள் தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதிவரும் கவிதையை ஒத்திகையிலேயே பெரியவர்கள் கெடுத்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணப் பேச்சில் ‘போட்டு வாறன்’ என்றிருந்தால் ‘சென்று வருகிறேன்’ ஆகிவிடும். தமிழ் வரி ஒவ்வொன்றுக்கும் உடனே ஆங்கிலத்தில் பொருள் சொல்லவும் கேட்கிறார்கள்.

ஜமைக்காவில் பிறந்து 1969இல் கனடாவுக்கு வந்த லிலியன் அலன், வீட்டில் பேசும் ஜமைக்காப் பேச்சுமொழியான பட்வாவிலேயே, ரெகே தாளத்தோடு சொல்லும் டப் கவிதை சொன்னவர். அந்தப் பேச்சுமொழிக்கு இரண்டு முறை கனடாவின் இசை விருதான ஜூனோ கிடைத்தது. 2023இல் இதே ரொறன்ரோ அவரைத் தன் நகரக் கவிஞராக்கியது. யாழ்ப்பாணப் பேச்சுக்கு மட்டும் ஏன் மேடையில் கூச்சம்?

பொருள் சொல்லாமல் புரியவைக்க வழி உண்டு. தமிழ் வரியை முழுதாக, பல்லவிபோல் மூன்று இடத்தில் வையுங்கள். முதலில் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளை ‘போட்டு வாறன்’ என்கிறது. அடுத்து விமான நிலையத்தில் அப்பா. கடைசியில் மருத்துவமனைக் கட்டிலில் அம்மம்மா. சூழலை ஆங்கில வரிகள் காட்டிவிடுவதால், தமிழ் தெரியாதவருக்கும் மூன்றாவது முறை தொண்டை அடைக்கும். வாக்கியத்தின் நடுவில் மொழி மாறுவதுதான் சிக்கல். தமிழில் வினை கடைசியில் வரும், ஆங்கிலத்தில் முன்னாலேயே வந்துவிடும். பாதியில் தாவினால் வினை இரண்டு முறை வரும், அல்லது வராமலே போகும். வாக்கியம் முடிந்த இடத்தில் மாறுங்கள்.

நீளமும் முக்கியம். ஸ்லாம் எனும் மேடைக் கவிதைப் போட்டிகளில் பொதுவாக மூன்று நிமிடம், 10 விநாடி சலுகை. அதற்குமேல் ஒவ்வொரு 10 விநாடிக்கும் அரைப் புள்ளி குறையும். நிறுத்தங்களோடு சொன்னால் மூன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 350 ஆங்கிலச் சொற்கள் போதும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. தமிழ் கூடக்கூட அந்த எண்ணிக்கையைக் குறையுங்கள்.

ஒலிவாங்கி வாயிலிருந்து நான்கு விரல் தள்ளி, சற்றுச் சாய்வாக இருக்கட்டும். ஆங்கிலச் சொல்லின் முதலில் வரும் பகரத்தில் மூச்சு அதிகம். தமிழ்ப் பகரத்தில் அவ்வளவு இல்லை. தமிழில் சரியாக ஒலித்தது ஆங்கிலத்துக்கு மாறியதும் ‘புப்’ என்று வெடிப்பது அதனால்தான். ஆகவே இரு மொழி வரிகளையும் வைத்து ஒலியைச் சோதிக்க வேண்டும். ஒலிவாங்கியின் வலைத்தலையைக் கையால் பொத்தினால் கீச்சொலி கிளம்பும்.

விழா அமைப்பாளர்களுக்கு இரண்டு வேண்டுகோள். உரத்த குத்துப்பாட்டு நடனம் முடிந்த கையோடு கவிதையை வைக்காதீர்கள். சபை அடங்கவே முதல் நிமிடம் போய்விடுகிறது. பாட்டுக்காகப் போட்ட எக்கோவைக் கவிதைக்கு முன் முழுவதும் நிறுத்தச் சொல்லுங்கள். அது இருந்தால் மெய்யெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, முன்வரிசைக்கே சொல் கேட்பதில்லை.

இப்படிக்கு,
மேடைக் கவிதைப் பயிற்சியாளர்,
ஸ்காபரோ